பதினைந்தாம் மாடிக்குத் தண்ணீர் ஏறுவது எப்படி? மின் இயந்திரவியல் படிக்க நினைப்போருக்கு ஒரு பாடம்

எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் மாணவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “டீச்சர், எலெக்ட்ரிக்கல் எடுக்கவா, மெக்கானிக்கல் எடுக்கவா?” அண்மைக் காலமாக அந்தக் கேள்வி கொஞ்சம் மாறியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் படிப்பு ஒன்றின் விளம்பரத்தைத் திறன்பேசியில் காட்டி, “இது எப்படி?” என்கிறார்கள். சில கல்லூரிகள் அதை மின் இயந்திரவியல் என்கின்றன, சில மெக்கட்ரோனிக் என்கின்றன. உடன் வரும் பெற்றோரின் கேள்வியோ வேறு. “ரெண்டையும் படிச்சா ரெண்டுமே அரைகுறையா போயிடாதா?”

நியாயமான கேள்விதான். அதற்கு ஒற்றை வரியில் பதில் சொன்னால் அது விளம்பரம் போலவே இருக்கும். ஆகவே இவ்வாரம் ஓர் இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அது என்னவெல்லாம் கேட்கிறது என்று பார்த்தால், இந்தப் படிப்பு எதற்கு என்பது விளங்கும்.

நம்மில் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறோம். சாலையோரத்துக் குழாயில் வரும் நீரின் அழுத்தம் கீழ்மாடிகளுக்குத்தான் போதும். பதினைந்தாம் மாடிக்கு அது தானாக ஏறாது. அதனால் தரைத்தளத்தில் ஒரு பெரிய தொட்டி, கூரையில் இன்னொரு தொட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு பம்ப். பெரும்பாலும் பம்ப் அறையில் இரண்டு பம்புகள் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றது ஓய்வில் இருக்கும். சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதில் பச்சை, சிவப்பு விளக்குகள், ‘ஆட்டோ’ என்று எழுதிய ஒரு திருகு சுவிட்ச். உங்கள் குடியிருப்பில் அந்த அறையின் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும், இருக்கவும் வேண்டும்.

முதலில் கணக்கு. கூரைத் தொட்டி பம்பிலிருந்து 42 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயின் உராய்வால் இழக்கும் அழுத்தத்தை இன்னும் 3 மீட்டர் உயரத்துக்குச் சமம் எனக் கொள்வோம். மொத்தம் 45 மீட்டர். ஒரு மணி நேரத்தில் 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர் நீர் மேலே ஏற வேண்டும். அதன் நிறை 20,000 கிலோகிராம்.

பள்ளியில் படித்த சூத்திரமே போதும். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்குங்கள். 20,000 × 9.81 × 45 = 8,829,000 ஜூல். இதை 3,600 விநாடியால் வகுத்தால் ஏறக்குறைய 2,450 வாட். இதுதான் நீருக்குத் தேவைப்படும் திறன். பள்ளியில் மலாயில் ‘குவாசா’ என்று படிக்கிறீர்களே, அதையே தமிழில் திறன் என்கிறோம்.

ஆனால் 2.45 கிலோவாட் மோட்டார் ஒன்றை வாங்கி மாட்டினால் தண்ணீர் போதிய அளவு ஏறாது. பம்பின் உள்ளே நீர் சுழன்று, மோதி, கசிந்து ஆற்றலை வீணாக்குகிறது. பம்பின் வினைத்திறன் 60 விழுக்காடு என்றால், அதன் தண்டுக்கு நாம் தர வேண்டியது 2.45 ÷ 0.6, அதாவது சுமார் 4.1 கிலோவாட். மோட்டாரும் தன் பங்குக்குச் சூடாகும். அதன் வினைத்திறன் 88 விழுக்காடு எனில் மின்கம்பியிலிருந்து எடுப்பது சுமார் 4.65 கிலோவாட். ஆக, கட்டணம் செலுத்தும் மின்னாற்றலில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலானதுதான் தண்ணீரைத் தூக்குகிறது. மீதி வெப்பமாகவும் இரைச்சலாகவும் போகிறது.

கடையில் 4 கிலோவாட் மோட்டார் கிடைக்கும், அடுத்தது 5.5 கிலோவாட். தண்டில் 4.1 தேவைப்படுவதால் 5.5 கிலோவாட் மோட்டாரைத் தேர்ந்தெடுக்கிறோம். அதன் பெயர்த்தகட்டில் 400 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஏறக்குறைய 11 ஆம்பியர், நிமிடத்துக்கு 2,900 சுற்று என்பது போல் எழுதியிருக்கும்.

நம் வீட்டில் 230 வோல்ட்தானே, 400 எங்கிருந்து வந்தது? மும்முனை மின்சாரத்தில் மூன்று கம்பிகளின் மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. ஒன்றுக்கொன்று 120 பாகை பின்தங்கி வருகின்றன. ஆகவே இரண்டு கம்பிகளுக்கிடையே அளந்தால் 230 ஐ இரண்டால் பெருக்கிய விடை வராது. 3இன் வர்க்கமூலமான 1.732ஆல் பெருக்கிய விடை வரும். 230 × 1.732 = 398. இதைத்தான் 400 என்கிறோம். “கூடுதல் கணிதம் எதற்குப் பயன்படும்?” என்று கேட்பவர்களுக்கு இதுவும் ஒரு பதில். அந்த 1.732 முக்கோணவியலில் இருந்து வருகிறது. மூன்று முனைகளும் அடுத்தடுத்து உச்சத்தைத் தொடுவதால் மோட்டாருக்குள் ஒரு காந்தப்புலம் சுழல்கிறது. அதைத் துரத்திக்கொண்டு நடுவிலுள்ள உலோகக் கூண்டும் சுழல்கிறது. கார்பன் தூரிகை கிடையாது, சுழலும் பகுதிக்குக் கம்பி இணைப்பும் கிடையாது. 1889இல் டொலிவோ-டொப்ரவோல்ஸ்கி உருவாக்கிய இந்த மும்முனைக் கூண்டு மோட்டார்தான் இன்றும் தொழிற்சாலைகளின் உழைப்பாளி.

நம் மோட்டார் வழக்கமான ஓட்டத்தில் எடுக்கும் மின்னோட்டம் எவ்வளவு? 4,650 வாட்டை 1.732, 400, 0.82 ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்தால் சுமார் 8.2 ஆம்பியர். அந்த 0.82 திறன் காரணி. இந்த 8.2 என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரை முழுக்க அது தேவைப்படும்.

பெட்டிக்குள் நடப்பது

வீட்டு விளக்கின் சுவிட்சைத் தட்டினால் விளக்கின் மின்னோட்டம் அந்தச் சுவிட்ச் வழியாகவே போகிறது. மோட்டாருக்கு அப்படிச் செய்வதில்லை. நேரடியாக இயக்கும்போது, மோட்டார் வேகமெடுக்கும் வரை அதன் முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஆறேழு மடங்கு பாயும். நம் மோட்டாருக்கு அது 65 முதல் 75 ஆம்பியர். அதைத் தாங்கக் காண்டேக்டர் என்ற கருவி இருக்கிறது. ஒரு சிறிய கம்பிச்சுருளுக்கு மின்சாரம் கொடுத்தால் அது மின்காந்தமாகி, கனமான மூன்று தொடுமுனைகளை இழுத்து ஒரே நேரத்தில் மூடும். நம் விரல் தொடுவது சுருளின் சிறு மின்னோட்டத்தை மட்டுமே.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஒரு சுற்று வருகிறது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் சுருளுக்கு மின்சாரம் போகும், காண்டேக்டர் மூடும். விரலை எடுத்தால் பொத்தான் திறந்துவிடும். அப்படியானால் மோட்டார் நிற்க வேண்டுமல்லவா? நிற்காது. காண்டேக்டரிலேயே ஒரு கூடுதல் சிறு தொடுமுனை உண்டு. அதைப் பச்சைப் பொத்தானுக்குப் பக்க இணைப்பாகக் கட்டியிருப்பார்கள். காண்டேக்டர் மூடியதும் அந்தத் தொடுமுனையும் மூடி, தன் சுருளுக்குத் தானே மின்சாரம் ஊட்டிக்கொள்கிறது. சிவப்புப் பொத்தான் தொடரிணைப்பில் இருக்கிறது. அதை அழுத்தினால் பாதை அறுந்து எல்லாம் விடுபடும். ஒரு தாளில் வரைந்து பாருங்கள், ஐந்து நிமிடத்தில் பிடிபடும்.

இதனால் என்ன பயன்? மின்தடை ஏற்பட்டால் காண்டேக்டர் விடுபடும். மீண்டும் மின்சாரம் வந்தாலும் யாராவது பச்சைப் பொத்தானை அழுத்தும் வரை மோட்டார் ஓடாது. மின்சாரம் இல்லாத நேரத்தில் யாரோ ஒருவர் இயந்திரத்துக்குள் கையை விட்டிருக்கக்கூடும். அந்தக் கையைக் காப்பது இந்தச் சிறிய தொடுமுனைதான்.

காண்டேக்டருக்குக் கீழே ஓவர்லோட் ரிலே. ஈருலோகத் தகடு ஞாபகம் இருக்கிறதா? இரண்டு உலோகங்களை ஒட்டிச் சூடாக்கினால் ஒன்று கூடுதலாக விரிந்து தகடு வளையும். மோட்டாரின் மின்னோட்டம் அந்தத் தகடுகளைச் சூடாக்குகிறது. அளவுக்கு மிஞ்சினால் தகடு வளைந்து, காண்டேக்டர் சுருளின் பாதையைத் துண்டிக்கிறது. இதைப் பெயர்த்தகட்டில் உள்ள 11 ஆம்பியரில் வைப்போம். தொடங்கும்போது 70 ஆம்பியர் பாய்கிறதே, உடனே துண்டிக்காதா? தகடு சூடாக நேரம் பிடிக்கும். பம்ப் ஓரிரு விநாடியில் வேகமெடுத்துவிடும், அதற்குள் மின்னோட்டமும் தணிந்துவிடும். சிறிது கூடுதலானால் சில நிமிடங்கள் பொறுக்கும், மிகவும் கூடினால் சில விநாடிகளே பொறுக்கும். மோட்டார் சூடாகும் விதத்தையே அந்தத் தகடும் நடித்துக் காட்டுகிறது.

இரண்டு பேர் சண்டை போடும் இடம்

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருவோம். ஒரு நாள் பம்ப் ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஓவர்லோட் துண்டிக்கிறது. மின்பணியாளர் வருகிறார். கம்பிகளைச் சோதிக்கிறார், காப்புத் தடையை மெகரால் அளக்கிறார், எல்லாம் சரி. “கோளாறு பம்பில்தான்” என்று சொல்லிப் போய்விடுகிறார். பம்ப் மெக்கானிக் வருகிறார். தண்டைக் கையால் சுற்றிப் பார்க்கிறார், சுற்றுகிறது. “மின்சாரத்தில்தான் கோளாறு” என்கிறார். மேல்மாடியில் மூன்றாவது நாளாகத் தண்ணீர் இல்லை. கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் முதியவர்களும் வாளியோடு மின்தூக்கிக்கு வரிசையில் நிற்கிறார்கள். பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்து, ஓவர்லோடின் திருகை 11இலிருந்து 14க்குத் திருப்பிவிடுகிறார். பம்ப் நிற்காமல் ஓடுகிறது. எல்லாரும் அவரைக் கெட்டிக்காரர் என்கிறார்கள்.

அது வைத்தியம் அல்ல. காய்ச்சலைக் காட்டும் வெப்பமானியை உடைத்துப்போட்டதற்குச் சமம். மோட்டார் சுருளின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் காப்புப் பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. சில வாரங்களிலோ மாதங்களிலோ மோட்டார் கருகும்.

மின் இயந்திரவியல் படித்தவர் என்ன செய்வார்? ஓடும் மோட்டாரின் மூன்று கம்பிகளையும் கிளாம்ப் மீட்டரால் ஒவ்வொன்றாக அளப்பார். கம்பியை வெட்டாமல், அதைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கருவி அது. இப்போது மூன்று எண்களையும் படிப்போம்.

14.3, 14.1, 0 என்று வந்தால், ஒரு முனை அறுந்திருக்கிறது. உருகி போயிருக்கலாம், காண்டேக்டரின் ஒரு தொடுமுனை தேய்ந்திருக்கலாம். மீதி இரண்டு கம்பிகளும் மூன்றாவதன் வேலையையும் சுமக்கின்றன. நாம் குறித்து வைத்த 8.2ஐ 1.732ஆல் பெருக்கிப் பாருங்கள், 14.2 வரும். அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. இது மின் கோளாறு.

12.2, 12.1, 12.3 என்று வந்தால், மூன்றும் சமமாக உயர்ந்திருக்கின்றன. மின்வழங்கலில் மின்னழுத்தமும் சரியாக இருந்தால், மோட்டார் நலமாகவே இருக்கிறது. யாரோ அதன் தலையில் கூடுதல் சுமையை ஏற்றுகிறார்கள். தேடலை இயந்திரப் பக்கம் திருப்ப வேண்டும். பேரிங் இறுகியிருக்கலாம். உள்ளே சுழலும் இம்பெல்லர் உறையோடு உரசலாம். மோட்டார் தண்டும் பம்ப் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் போயிருக்கலாம். இரண்டு தண்டுகளையும் இணைக்கும் கப்ளிங்கின் நடுவிலுள்ள ரப்பர் துண்டு தூளாகிக் கீழே கருப்புப் பொடியாகக் கிடந்தால் அதுவே சாட்சி. நேர்கோட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜை வைத்து மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு வரை அளந்து, மோட்டாரின் பாதத்துக்குக் கீழே மெல்லிய தகடுகளைச் செருகிச் சரிசெய்வார்கள். பொறுமை இல்லாதவருக்கு இந்த வேலை சித்திரவதை.

சமமாக உயர்ந்த எண்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொன்னால் முதலில் யாரும் நம்ப மாட்டார்கள். மேலே போகும் குழாய் எங்கோ உடைந்திருக்கலாம். குழாய் உடைந்தால் சுமை குறையத்தானே வேண்டும்? இவ்வகை மையவிலக்குப் பம்பில் அப்படி நடப்பதில்லை. தடை குறைந்தால் அதிக நீர் பாயும், அதிக நீரைச் சுழற்ற அதிகத் திறன் வேண்டும், மின்னோட்டம் ஏறும். மாறாக, வெளியேறும் வால்வை மூடினால் மின்னோட்டம் இறங்கும். வீட்டில் சோதித்துப் பார்க்கலாம். தூசு உறிஞ்சியின் குழாய் முனையை உள்ளங்கையால் ஒரு கணம் மூடுங்கள். மோட்டாரின் ஒலி கீழே போவதில்லை. ‘வீ’ என்று மேலே போகும். காற்றைத் தள்ளும் வேலை இல்லாததால் அது இலேசாகி வேகமெடுக்கிறது. திணறுவது போல நம் காதுக்குக் கேட்பது உண்மையில் ஓய்வு.

இந்த ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க எத்தனை பாடங்கள் தேவைப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். மும்முனை மின்சாரம், காந்தவியல், திரவங்களின் ஓட்டம், பேரிங், அளவீடு. கோளாறு எந்தத் துறைக்குள் இருக்கிறது என்று அது நெற்றியில் எழுதிக்கொண்டு வருவதில்லை. இரண்டு துறைகளும் சந்திக்கும் விளிம்பில், அந்தக் கப்ளிங் இருக்கும் இடத்தில், பொறுப்பெடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குவதுதான் இந்தப் படிப்பு. ஆழத்தில் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான். மின்நிலையத்தை வடிவமைக்க இது போதாது. ஆனால் ஓடும் இயந்திரத்தை ஓட வைப்பதற்கு இந்த அகலம்தான் வேண்டும்.

வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகுமா?

வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை மாட்டினால் மின்கட்டணம் வெகுவாகக் குறையும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. கணக்கு அவர்கள் பக்கம் போலவே தோன்றும். பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், அழுத்தம் கால் பங்காகும், திறன் எட்டில் ஒரு பங்காகும். எட்டில் ஒரு பங்கு!

ஆனால் நம் கட்டடத்தை மறந்துவிடாதீர்கள். முழு வேகத்தில் வால்வு மூடிய நிலையில் நம் பம்ப் 60 மீட்டர் வரை நீரைத் தாங்கும் என்று கொள்வோம். வேகத்தை 80 விழுக்காடாக்கினால் அது 60 × 0.8 × 0.8 = 38.4 மீட்டர். கூரைத் தொட்டியோ 42 மீட்டர் உயரத்தில். மோட்டார் சுழலும், மின்சாரம் செலவாகும், மேலே ஒரு சொட்டும் ஏறாது. குளிர்சாதன ஆலையின் காற்றாடிக்கும் குளிர்நீரைச் சுற்றவிடும் பம்புக்கும் அந்தக் கருவி அருமையானது. நிலையான உயரத்துக்குத் தூக்கும் பம்புக்கு அதன் பலன் மிகக் குறைவு. கருவி நல்லதா கெட்டதா என்று கேட்காமல், எங்கே மாட்டப் போகிறீர்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

பூட்டும் அட்டையும்

சற்றுமுன், மின்தடைக்குப் பிறகு மோட்டார் தானாக ஓடாது என்றேன். பெட்டியிலிருக்கும் ‘ஆட்டோ’ சுவிட்ச் அந்தப் பாதுகாப்பை நீக்கிவிடுகிறது. நள்ளிரவில் கூரைத் தொட்டியில் நீர் குறைந்தால் பொத்தானை அழுத்த யாரும் இருக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் தொட்டியிலுள்ள நீர்மட்ட உணரியே பம்பை இயக்கும். அசையாமல் நிற்கும் பம்ப் ‘அணைந்திருக்கிறது’ என்று நினைத்து ஒருவர் கப்ளிங்கில் கை வைக்கிறார். அதே நேரத்தில் எட்டாம் மாடியில் யாரோ குளித்து முடிக்கிறார், நீர்மட்டம் கோட்டைத் தொடுகிறது. பம்ப் தொடங்குகிறது. ஒரு விநாடிகூட எச்சரிக்கை கிடையாது.

ஆகவே முதன்மைச் சுவிட்சை அணைத்து, அதில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப்பையில் வைத்து, பெயரெழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, பிறகு மின்சாரம் இல்லை என்பதைச் சோதனைக் கருவியால் உறுதிசெய்த பின்னரே வேலை தொடங்க வேண்டும். சோதனைக் கருவியையே முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்த்து அது வேலை செய்கிறதா என்று அறிய வேண்டும். இதை ஒரு கல்லூரி எத்தனை கண்டிப்பாகச் சொல்லித் தருகிறது என்பதை வைத்தே நான் அந்தக் கல்லூரியை எடைபோடுவேன்.

இன்னொன்று. ஓவர்லோட் ரிலே உங்களைக் காக்காது. அது காப்பது மோட்டாரை. மனிதரைக் காக்க வைக்கும் கசிவுமின் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியரில் இயங்கும்படி அமைக்கப்படுகிறது. நம் மோட்டாரின் 8.2 ஆம்பியரோடு ஒப்பிட்டால் அது 270 மடங்கிற்கும் குறைவானது. ஒரு மனிதரைக் கொல்லும் அளவு மின்னோட்டம் மோட்டார் ரிலேயின் கண்ணில் படவே படாது.

டிப்ளோமா கையில் கிடைத்துவிட்டால் பெட்டியைத் திறந்து வேலை செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். மலேசியாவில் மின்கம்பிப் பணிக்கும் மின்நிறுவல்களைப் பொறுப்பேற்று இயக்குவதற்கும் சுருஹன்ஜாயா தெனாகா எனப்படும் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். பெண்டாவாய், பெஞ்சாகா ஜெந்தெரா என்று வேலை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். ‘சார்ஜ்மேன்’ என்று வேலையிடங்களில் சொல்வது இரண்டாவது வகையினரை. படிப்புக்குப் பிறகு அனுபவம் சேர்த்து இதை எடுப்பவர்களின் மதிப்பே தனி.

கல்லூரியில் என்ன நடக்கும்?

முதல் பருவத்தில் பல பயிற்சி நிலையங்களில் உங்கள் கையில் கொடுப்பது கணினி அல்ல, அரம். ஓர் இரும்புத் துண்டை அளவு பிசகாமல் தட்டையாகவும் செங்கோணமாகவும் ராவ வேண்டும். கை கொப்பளிக்கும். “இதற்கா வந்தோம்” என்று தோன்றும். கப்ளிங்கை நூறில் சில பங்கு மில்லிமீட்டரில் சரிசெய்யும் கைக்கு அங்கேதான் பயிற்சி தொடங்குகிறது. பிறகு தொழில்நுட்ப வரைபடம், கம்பியிணைப்பு, மோட்டார் கட்டுப்பாடு, அழுத்தக் காற்றாலும் எண்ணெயாலும் இயங்கும் உருளைகள், உணரிகள், பி.எல்.சி. எனப்படும் கட்டுப்பாட்டுக் கணினி, இறுதியில் தொழிற்சாலைப் பயிற்சி.

பி.எல்.சி. பற்றி ஒரு சிறு குறிப்பு. கார் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான ரிலேக்களைக் கம்பியால் இணைத்திருந்தார்கள். காரின் மாதிரி மாறும்போதெல்லாம் அத்தனையையும் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குத் தீர்வாக டிக் மோர்லி குழுவினரின் மோடிகோன் 084 என்ற கருவி 1969இல் வந்தது. அதே 1969இல்தான் ஜப்பானின் யஸ்காவா நிறுவனப் பொறியாளர் டெட்சுரோ மோரி ‘மெக்கட்ரோனிக்ஸ்’ என்ற சொல்லை உருவாக்கினார். நம் நாட்டின் முதல் போலிடெக்னிக்கான உங்கு ஒமார் ஈப்போவில் தொடங்கப்பட்டதும் அந்த ஆண்டுதான். தற்செயல்தான், ஆனாலும் நினைவில் வைக்க வசதியான ஆண்டு. பி.எல்.சி.யின் திரையில் நீங்கள் எழுதும் முதல் பாடம் என்னவென்று நினைக்கிறீர்கள்? மேலே சொன்ன அதே பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான், தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் சுற்று. கம்பிக்குப் பதில் கோடுகள், அவ்வளவுதான்.

வழிகள் பல உள்ளன. எஸ்.பி.எம். முடித்தவர்கள் யு.பி.யு. வழியாகப் போலிடெக்னிக் டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கலாம். அட்தெக், பினாங்கிலுள்ள ஜப்பான் மலேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற மனிதவள அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் திறன் சான்றிதழ் வழியாகப் போகலாம். அந்த வழியில் எஸ்.கே.எம். மூன்று நிலைகள், நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. படிவம் 3க்குப் பிறகே தொழிற்கல்லூரிக்குப் போகும் பாதையும் உண்டு. டிப்ளோமாவுக்குப் பின் பட்டப்படிப்பு வேண்டுமென்றால் யு.டி.எச்.எம்., யுடெம், யுனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ‘கைவேலைப் படிப்பில் மாட்டிக்கொண்டால் அதோடு முடிந்தது’ என்று சொந்தக்காரர்கள் சொல்வது சரியல்ல.

கவனமாக இருக்க வேண்டிய இடம் பணம். கல்விக் கடன் எடுத்துப் படித்து முடித்த பிறகு, அந்தப் படிப்புக்கு அங்கீகாரமே இல்லை என்று தெரியவந்தால் குடும்பமே சுமக்க நேரும். கல்லூரியின் பெயர் அங்கீகாரம் பெற்றிருந்தால் போதாது, நீங்கள் சேரப்போகும் அந்தக் குறிப்பிட்ட படிப்பு பெற்றிருக்க வேண்டும். டிப்ளோமா என்றால் எம்.கியூ.ஏ.வின் தகுதிப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். எஸ்.கே.எம். என்றால் திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே.யிடம் சரிபாருங்கள். விளம்பரத் தாளில் அச்சிட்ட சின்னத்தை நம்ப வேண்டாம். திறன் பயிற்சிக்கென்றே பி.டி.பி.கே. கடன் இருக்கிறது, அங்கீகாரத்தை உறுதிசெய்த பின் அதைப் பற்றிக் கேளுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும் நாளில் குளிரூட்டப்பட்ட வரவேற்பறையில் உட்கார்ந்து திரும்பிவிடாதீர்கள். பட்டறையைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மோட்டார் பயிற்சிப் பலகைக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். ஐந்தாறு பேர் என்றால் ஒருவர் கம்பி இணைக்க மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் பட்டறை, தொழிற்சாலைப் பயிற்சிக்கு இடத்தைக் கல்லூரி தேடித் தருமா, சுவரில் பூட்டுகளும் அட்டைகளும் தொங்குகின்றனவா? அந்தப் பூட்டுகளில் தேய்மானம் தெரிந்தால் நல்ல அறிகுறி.

பெண் பிள்ளைகளுக்கு இது ஏற்றதா என்று தயங்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மேலே நாம் செய்த வேலைகளைத் திரும்பிப் பாருங்கள். கணக்கு, அளவீடு, மூன்று எண்களைப் படித்துக் காரணம் சொல்வது. கனத்தைத் தூக்கச் சங்கிலிக் கப்பி இருக்கிறது. பாயான் லெப்பாஸ், கூலிம் வட்டாரத்து மின்னணுத் தொழிற்சாலைகளாகட்டும், நம் தாத்தாக்கள் வேலை செய்த செம்பனை ஆலைகளாகட்டும், மருத்துவமனைகளாகட்டும், மோட்டார் சுழலாத இடம் இல்லை.

கணிதத்திலிருந்து தப்பிக்க இந்தப் படிப்புக்கு வருபவர்கள் மட்டும் மறுபடி யோசியுங்கள். இங்கே கணிதம் குறையாது. தாளிலிருந்து இறங்கி இயந்திரத்தின் மேல் ஏறிக்கொள்ளும்.

கடைசியாக ஒரு பயிற்சி. மும்முனை மோட்டாரில் ஏதேனும் இரண்டு கம்பிகளை இடம் மாற்றினால் அது எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்குப் பம்ப் எதிர்த்திசையில் சுழன்றாலும் கொஞ்சம் நீரைத் தள்ளும், ஆனால் அழுத்தம் வெகுவாகக் குறையும். இப்போது: நம் பம்பின் கம்பிகளை நேற்று ஒருவர் புதிதாக மாற்றினார். இன்று மூன்று முனைகளிலும் 6.1, 6.0, 6.2 ஆம்பியர். மின்னழுத்தம் சரி. ஓவர்லோட் துண்டிக்கவில்லை. கூரைத் தொட்டி நிரம்பவில்லை. காரணம் எதிர்ச்சுழற்சியா, யாரோ வால்வை மூடிவிட்டாரா, பம்புக்குள் காற்று அடைத்துக்கொண்டதா? ஒரு திருகையும் கழற்றாமல், எதை எந்த வரிசையில் பார்த்து முடிவு செய்வீர்கள்? ஒரு குறிப்பு: பம்பின் உறையில் அம்புக்குறி ஒன்று இருக்கும். மோட்டாரை அணைத்த பிறகு அதன் பின்பக்க விசிறி நிற்கச் சில விநாடிகள் ஆகும்.